சொன்னவரும் எழுதியவரும்

இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் நூலகத்தில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் உள்ளது. தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் 1816-ஆம் ஆண்டில் தீட்டியது. செந்நிறச் சீருடை அணிந்த கும்பினி அதிகாரி ஒருவர் நடுவில் நிற்க, அவரைச் சூழ இந்தியர் மூவர் காணப்படுகின்றனர். ஒருவர் கையில் தொலைநோக்கி. மற்றொருவர் கையில் ஓலைச்சுவடி. அவர்களுக்குப் பின்னால், தொலைவிலுள்ள குன்றின்மீது, விண்ணளாவ நிற்கின்றது ஒரு திருவுருவம். அது 1432-இல் கார்களத்தில் எழுந்தருளுவிக்கப்பெற்ற, ஏறத்தாழ 42 அடி உயரமுடைய பாகுபலி சுவாமியின் உருவம் என்று அறிந்தோர் கூறுவர். சுவடி ஏந்தியவர் தர்மையா என்னும் ஜைன பண்டிதர் எனக் கருதப்படுகிறார். நடுவில் நிற்கும் அதிகாரி கர்னல் காலின் மெக்கன்சி.

நம் முன்னோரின் வரலாறு ஆங்கில ஆட்சிக்காலத்தில் எவ்வாறு அச்சேறியது என்பதற்கு இவ்வோவியத்தினும் சிறந்த சான்று வேறில்லை என்பது என் எண்ணம். எழுதியவர் முன்னே நிற்கிறார்; சொன்னவர் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறார்; யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் பின்னணியாகி விட்டார்.

மெக்கன்சி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1783-இல் சென்னைக்கு வந்த பின்னர்த் தாயகம் திரும்பவே இல்லை. 1821-இல் வங்கத்தில் உயிர்நீத்தார். தொழிலால் நில அளவையாளர். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்தவர், கூடவே ஊரின் கதையையும் கேட்டு எழுதச் செய்தார். கல்வெட்டுப் படிகள், சுவடிகள், காசுகள், கைபீதுகள் என்று மலைபோல் குவிந்தன. ஆங்கிலேயர் எவரும் தனியே நின்று இதனைச் செய்திருக்க இயலாது. காவலி வெங்கட போரையா, அவர் தம்பி இலட்சுமையா முதலிய துணைவர்கள் முன்னதாகச் சென்று, ஊர்ப் பெரியோரிடம் நயந்து பேசி, சுவடிகளைப் பெற்று, மொழிபெயர்த்துக் கொடுத்தனர். போரையா 1803-இல் இளமையிலேயே மறைந்தார்.

போரையா செய்த பணிகளுள் நமக்கு மிகவும் இன்றியமையாதது ஒன்றுண்டு. முத்கேரி என்னும் ஊரில் வாழ்ந்த ஜைன குரு ஒருவரிடம் நம் சமயத்தின் கோட்பாடுகளையும் ஒழுக்கங்களையும் கேட்டறிந்து அவர் மொழிபெயர்த்துத் தந்த குறிப்பு, கல்கத்தா ஆசியக் கழகத்தின் 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' 9-ஆம் தொகுதியில் மெக்கன்சியின் பெயரோடு வெளியாயிற்று. தலைப்பிலே மொழிபெயர்த்தவர் பெயர் உண்டு. பெற்றுத்தந்த அதிகாரியின் பெயர் உண்டு. சொன்னவரோ 'இச்சமயத்துக் குரு ஒருவர்' என்ற அளவிலே நிற்கிறார். அக்குருவின் பெயரைக் கேட்டு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கன்னட நாட்டு மலேயூரைச் சேர்ந்த தர்மையா, மெக்கன்சியின் குழுவில் நிலையாகப் பணிபுரிந்தவர். பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படிப்பதிலும், ஜைன நூல்களின் பொருளை விளக்குவதிலும் அவரே வழிகாட்டி. 1817-இல் மெக்கன்சி, தம் நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்குத் தம் வாழ்நாட் பணிகளைத் தொகுத்து ஒரு கடிதம் வரைந்தார். தம் தேட்டத்தின் பயன்களை வரிசைப்படுத்தும்போது அவர் முதலாவதாக வைப்பது எது தெரியுமா? ஜைன சமயத்தையும் அதன் தத்துவத்தையும் 'கண்டுபிடித்தது'. அது பௌத்தத்தினின்றும் வேறானது என்று தெளிந்தது. ரிஷபதேவர் முதலாக இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களை நாள்தோறும் துதித்துவரும் ஒரு சமூகத்தின் சமயம் கண்டுபிடிக்கப்பட்டதாம்! நகைப்பு ஒருபுறம் இருக்க, அக்கடிதத்தின் பின்பாதி உண்மையிலேயே அரியது. பௌத்தம் வேறு, ஜைனம் வேறு என்று அவருக்கு உணர்த்தியவர்கள் முத்கேரிக் குருவும் தர்மையாவும் அவர்களை ஒத்த சிராவகர்களுமே ஆவர். 1817-இல் அது ஓர் ஆங்கிலக் கடிதத்தில் பதிவும் ஆகிவிட்டது.

ஆனால் ஐரோப்பியப் புலவருலகம் அதனை ஏற்கவில்லை. கோல்புரூக், நம் கௌதம கணதரரையே புத்தர் என்று மயங்கி, புத்தர் மகாவீரருடைய மாணாக்கர் என்றார். மெக்கன்சி மறைந்தபின் அவருடைய தொகுப்பைக் கும்பினி அரசு 10,000 பவுன் கொடுத்து வாங்கியது. அதற்கு 1828-இல் அட்டவணை வெளியிட்ட எச். எச். வில்சன், ஜைனம் பௌத்தத்தின் வீழ்ச்சியில் தோன்றிய பிற்காலக் கிளை என்று எழுதினார். ஜைனச் சுவடிகளைத் தம் மேசைமீதே வைத்துக்கொண்டு இம்முடிவுக்கு வந்தார் என்பதே வியப்பு. லாசன், வெபர் முதலிய ஜெர்மானியப் பேரறிஞர்களும் ஏறத்தாழ இதே வழியில் நின்றனர்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இப்படியே சென்றன. 1879-இல் ஹெர்மன் யாகோபி என்னும் ஜெர்மானிய இளைஞர் கல்ப சூத்திரத்தைப் பதிப்பித்து, அதன் முன்னுரையில் இவ்வழக்கைத் தீர்த்து வைத்தார். அவர் காட்டிய சான்று பௌத்தர்களின் பாலி நூல்களே. அந்நூல்கள் 'நிகண்ட நாதபுத்தர்' என்று மகாவீரரைச் சுட்டும்போது, நிகண்டரைப் புதிதாகக் கிளைத்த கூட்டமாக ஓரிடத்தும் கூறவில்லை. ஏற்கெனவே நிலைபெற்ற எதிர்ச் சமயமாகவே கூறுகின்றன. அன்றியும், பார்சுவநாதருக்குரிய நால்வகை விரதக் கொள்கையை மகாவீரர்மேல் ஏற்றிச் சொல்கின்றன. ஆகவே மகாவீரருக்கு முன்னரே இச்சமயம் இருந்திருத்தல் வேண்டும். 1884-இல் 'கீழ்த்திசைப் புனித நூல்கள்' வரிசையின் 22-ஆம் தொகுதியில் யாகோபி இதனை மேலும் வலியுறுத்தினார். அதற்குப் பின் மறுத்துரைப்பார் அருகினர்.

யாகோபிக்கு நம் சமூகம் பட்டுள்ள கடன் பெரிது, அதில் ஐயமில்லை. எனினும் அவர் நிறுவியது, முத்கேரிக் குரு வாய்மொழியாகச் சொல்லியதையே. சொன்னவர் உள்ளூரார் என்பதால் அது 'நம்பிக்கை' எனப்பட்டது. நூல் கொண்டு காட்டியபோது 'ஆராய்ச்சி' எனப்பட்டது. இன்னொன்றையும் இங்கே கூறவேண்டும். யாகோபி கைக்கொண்ட ஆகமங்கள் மேற்கிந்தியச் சுவேதாம்பர மரபின. ஐரோப்பாவில் ஜைனக் கல்வி அந்த அடிப்படையிலேயே வளர்ந்தமையால், குந்தகுந்தாசாரியாரை ஆசிரியராகப் போற்றும் தென்னாட்டுத் திகம்பர மரபும், அதிலும் தமிழ் மரபும், நெடுங்காலம் அக்கல்வியின் ஓரத்திலேயே இருந்தன.

இவையெல்லாம் புலவர்களின் வாதம்தானே, நம் வீட்டுக்கு இதனால் என்ன என்று கேட்போர் உளர். நீதிமன்றம் வரை வந்தது இவ்வாதம். ஆங்கில ஆட்சியின் நீதிமன்றங்கள் ஜைனர்களை இந்து சமயத்தினின்று பிரிந்தவர்கள் என்று கொண்டு, தனி வழக்காறு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி இந்து தருமசாத்திரச் சட்டத்தையே சுவீகாரத்திற்கும் சொத்துரிமைக்கும் பொருத்தி வந்தன. 1927-இல் வெளியான கட்டெப்பா - எரம்மா வழக்கின் தீர்ப்பில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரியார், இவ்வினா முதன்முறையாகத் தம்முன் வந்திருக்குமாயின், ஜைனர் பிரிந்து சென்றவர் அல்லர், அவர்தம் சமயம் ஸ்மிருதிகளுக்கு மிக முற்பட்டது என்று புத்தாராய்ச்சி காட்டுவதையே ஏற்கத் தமக்கு விருப்பம் என்னும் கருத்துப்பட எழுதினார். முன்தீர்ப்புகளால் கட்டுண்டிருந்தமையின் முடிவை மாற்ற அவரால் இயலவில்லை. ஆயினும் அவ்வரிகள் பின்னாளில் எத்தனையோ முறை எடுத்துக்காட்டப்பட்டன. 2014 சனவரியில் நடுவணரசு ஜைனர்களைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது வரை செல்லும் பாதையில் அத்தீர்ப்பும் ஒரு படி.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, தமிழிலக்கிய வரலாற்றைச் சமணர் காலத்திலிருந்தே தொடங்கினார். அறிவினால் சமணர் மேம்பட்டு விளங்கிய அக்காலமே தமிழின் பொற்காலம் என்று போற்றினார். நம் மேடைகளில் இன்றும் பெருமிதத்தோடு எடுத்துரைக்கப்படும் செய்தி இது. ஆனால் அவர் எழுதியபோது சங்க நூல்கள் அச்சேறவில்லை. அவர் வகுத்த கால அடைவு பிற்காலத்தில் நிலைக்கவில்லை. புகழுரையையும் நிறுத்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும்.

கால்டுவெல்லைக் காட்டிலும் நம் நூல்களுக்கு அருகே வந்தவர் பவர் துரை என்னும் பாதிரியார். அவர் 1868-இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை உரையுடன் பதிப்பித்து, ஜைன சமயத்தைப் பற்றிய முன்னுரையும் எழுதினார். நல்ல முயற்சி, ஆயினும் பிழைகள் மலிந்தது. நூல் முழுவதும் வெளிவர மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அதனைச் செய்தவர் உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், 'சிந்தாமணி படித்ததுண்டா?' என்று கேட்ட கேள்வி அவர் வாழ்வைத் திருப்பியதை நம்மவர் அனைவரும் அறிவர்.

ஐயருக்குச் சுவடி கிடைத்தது. நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. பொருள்தான் கிட்டவில்லை. சமயக் கலைச்சொற்கள் இடந்தோறும் தடுத்தன. அப்போது கும்பகோணத்திலேயே வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய நம் பெரியோரின் இல்லங்களுக்குச் சென்றார். அவர் முதன்முதற் சென்ற நாளில் அவ்வீடு தோரணம் கட்டி விழாக்கோலம் பூண்டிருந்தது. பல மாதங்களாகச் சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்து, அன்று பூர்த்தி செய்திருந்தனர். கற்றோருலகில் கிடைத்தற்கரிய நூலாகத் தாம் தேடியது, பக்கத்துத் தெருவில் குடும்பங்கள் கூடியிருந்து கேட்கும் நூலாக இருந்தது! ஐயங்களைக் கேட்கக் கேட்க அவர்கள் விளக்கினர். அவருடைய ஆர்வத்தைக் கண்டு, இவர் ஒரு பவ்ய ஜீவன் போலும் என்று அவ்வீட்டார் எண்ணியதை ஐயர் தம் வரலாற்றில் மகிழ்ந்து குறிக்கின்றார். அவர் சைவ அந்தணர். அச்சொல்லைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

1887-இல் நூல் வெளிவந்தது. இங்கே முத்கேரிக் கதையினின்றும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். உதவியவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார் ஐயர். அதனால்தான் சந்திரநாத செட்டியார் என்னும் பெயர் இன்று நமக்குத் தெரிகின்றது. இப்பதிப்பைக் கண்டு பாரிஸ் மாநகரத்துப் பேராசிரியர் ஜூலியன் வின்சோன் ஐயருக்குத் தமிழிலேயே மடல் எழுதியதும், 1900-இல் சிந்தாமணி முதலிய காப்பியக் கதைகளைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டதும் கிளைக்கதைகள். வின்சோன் காரைக்காலில் வளர்ந்தவர் என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கிறேன்.

ஆட்சியாளர் தொகுத்த மாவட்ட விவரச்சுவடிகளிலும் நம்மைப் பற்றிய பக்கங்கள் உண்டு. தென்னார்க்காட்டைப் பற்றி 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதியது அவற்றுள் குறிக்கத்தக்கது. செஞ்சித் தலைவன் ஒருவன் நம் முன்னோரைத் துன்புறுத்திய கதையும், பலர் திருநீறு பூசி மறைந்து வாழ்ந்த கதையும் பலரும் அறிந்தவை. இக்கதைகளைப் பின்வந்த நூல்கள் பலவும் எடுத்தாண்டன. பாட்டிமார் சொல்லக் கேட்ட கதை அச்சில் வந்ததும், அதற்கு அரசாவணத்தின் மதிப்பு வந்துவிட்டது. கதையில் வழங்கும் ஆண்டு 1478. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றதோ பதினாறாம் நூற்றாண்டில் என்பர் வரலாற்றாசிரியர். இதனால் துன்பமே நிகழவில்லை என்று கொள்ளல் தவறு. ஒரு சமூகம் தன் அச்சத்தைத் தலைமுறைதோறும் காத்து வைத்திருந்ததற்கு இக்கதை சான்று. ஆண்டுக்கும் பெயருக்கும் அன்று.

நம் வரலாற்றை நம்மவரே ஆராய்ந்து எழுதும் காலம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரோடு சிறப்புற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த அவர், 1920-இல் குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் தந்தார். 1936-இல் நீலகேசியைச் சமயதிவாகர முனிவர் உரையுடன் பதிப்பித்தார். 1941-இல் தமிழிலுள்ள ஜைன இலக்கியங்களைப் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார். ஐரோப்பியத் தத்துவமும் கற்றவர், ஸ்ரீபுராணமும் கேட்டு வளர்ந்தவர். அவர் நூல்களில் சொன்னவரும் எழுதியவரும் ஒருவரே. 1954-இல் வந்த மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' நம் இல்லந்தோறும் உள்ள நூலாதலின் விரிக்கவில்லை.

அயலார் எழுதியவற்றை வெறுத்து ஒதுக்குவதோ, அவர் எழுதிவிட்டார் என்பதற்காகத் தலைமேல் வைத்துக் கொள்வதோ இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. அவற்றை நாம் திரும்பப் படித்தல் வேண்டும். மெக்கன்சி தொகுப்பில் தென்னிந்திய மொழிச் சுவடிகளிற் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. நம் ஊர்களின் பெயர்களை அங்கே தேடிப் படிப்பதற்குப் பாலி மொழியோ ஜெர்மன் மொழியோ தேவையில்லை. அதைவிட அருகில் உள்ளவை நம் வீட்டுப் பரணிலுள்ள ஏடுகள். சுருத பஞ்சமியன்று அவற்றை இறக்கித் துடைத்து, பூசித்து, மீண்டும் கட்டி வைக்கின்றோம். கட்டுமுன் ஒருமுறை கடைசி ஏட்டைப் பார்த்தல் நன்று. எழுதி முடித்த ஆண்டு, எழுதியவர் பெயர், எழுதுவித்த சிராவகர் அல்லது சிராவகியின் பெயர் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செல்லரித்து முதலில் உதிர்வதும் அந்த ஏடே.

திரும்பப் படித்தல் என்று நான் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போளூருக்கு அருகிலுள்ள திருமலைக்கு நம்மில் செல்லாதவர் இல்லை. நேமிநாத சுவாமியின் பேருருவைத் தரிசிக்க ஏறும் அம்மலையடிவாரத்தில், கோபுரத்திற்கும் ஓவியக் குகைக்கும் இடைப்பட்ட படிகளை ஒட்டிய பாறையில், முதலாம் இராசேந்திர சோழரின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. ஹூல்ஷ் என்னும் ஜெர்மானியர், அரசாங்கக் கல்வெட்டறிஞராகப் பணியாற்றி, 1890-இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் இதனை வெளியிட்டார். அன்றுமுதல் இந்திய வரலாற்று நூல்களில் இக்கல்வெட்டு இடம்பெறாதது அரிது. காரணம், இராசேந்திரரின் படை கங்கை வரை சென்ற செய்தி இதன் மெய்க்கீர்த்தியில் உள்ளது. வங்க நாட்டு மகிபாலன், கோவிந்தசந்திரன், இரணசூரன் ஆகியோரின் காலத்தை நிறுவ வங்கத்து அறிஞர்களும் இதனையே நாடினர். கல்லூரி மாணவர் 'திருமலைக் கல்வெட்டு' என்றால் கங்கைப் படையெடுப்பு என்றே விடை எழுதுவர்.

மெய்க்கீர்த்தி முடிந்தபின் கல்வெட்டு தொடர்கிறது. கல்லைப் பொறிக்கச் செய்ததன் நோக்கமே அங்குதான் உள்ளது. செயங்கொண்ட சோழ மண்டலத்துப் பங்கள நாட்டு நடுவில்வகை முகைநாட்டுப் பள்ளிச்சந்தமாகிய வைகாவூரில், திருமலைமேல் உள்ள ஸ்ரீகுந்தவை ஜினாலயத்துத் தேவருக்கு, பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் இருக்கும் வியாபாரி நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை, திருநந்தா விளக்குக்காக 20 காசும் திருவமுதுக்காக 10 காசும் வைத்தாள் என்கிறது அது.

கங்கை வெற்றியைக் கற்பிக்கும் நூல்கள் இவ்வம்மையாரின் பெயரை விட்டுவிட்டன. ஹூல்ஷ் விடவில்லை, மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு சொல்லையும் தந்துள்ளார். படித்தவர்கள்தாம் பாதியில் நிறுத்திக்கொண்டனர். மன்னர் பெயரைத் தேடியவர்களுக்கு மன்னர் கிடைத்தார். 'பள்ளிச்சந்தம்' என்னும் ஒரு சொல்லே, அவ்வூரின் நிலவருவாய் நம் பள்ளிக்கு விடப்பட்டிருந்ததைச் சொல்கிறது. 'குந்தவை ஜினாலயம்' என்னும் பெயர், சோழ அரசகுலத்துப் பெண்ணின் பெயரால் அங்கே ஜினாலயம் விளங்கியதைச் சொல்கிறது. வேற்றூர் வணிகர் மனைவி ஒருத்தி தன் பெயரிலேயே அறக்கட்டளை வைத்து, அதனைக் கல்லில் வெட்டச் செய்யும் உரிமையும் பொருளும் உடையவளாக இருந்தாள் என்பதையும் அது சொல்கிறது. அடுத்த யாத்திரையில் அப்படிகளில் ஏறும்போது பிள்ளைகள் இராசேந்திரரைப் பற்றிக் கேட்பார்கள், பாடநூலில் படித்திருப்பார்கள். பெரும்பாணப்பாடியிலிருந்து வந்த சாமுண்டப்பையின் முப்பது காசைப் பற்றி நாம்தான் சொல்லவேண்டும்.